சொந்தச் சொல்

காலை எட்டு மணியிலிருந்து தம்பியின் வாயருகே காதை வைத்துக் குனிந்திருந்ததில் அக்காவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. நிமிரவும் பயம். நிமிர்ந்த அந்த நொடியில் சொல்லித் தொலைத்துவிட்டான் என்றால்? கேட்க ஆளில்லாமல் சொன்னது கூடத்தைப் பொறுத்தவரை சொல்லாததுதான்.

"மூணே மூணு வார்த்தைடா," என்றாள். "என் சொல்லை விட்டேன். அவ்வளவுதான். மூச்சு வாங்கக்கூட வேண்டாம், ஒரே இழுப்புல சொல்லிடலாம்."

தம்பி கண்ணைத் திறக்கவில்லை. கணையத்தில் வந்த புற்று மூன்று மாதத்தில் அவனை உரித்து எடுத்திருந்தது. மூக்கு மட்டும் பழையபடி பெரிதாக இருந்தது. அப்பாவின் மூக்கு. அது அக்காவுக்கு வரவில்லை. அதிலும் அவளுக்கு ஒரு குறை உண்டு.

கூடம் என்பது மரக்கடைக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட நீளமான கட்டிடம். அங்கே கூடுகிறவர்களுக்கும் கூடத்தார் என்றே பெயர். சாம்பல் நிறத்தில் உடுத்துவார்கள், உள்ளங்கையைவிடப் பெரிய கண்ணாடியில் முகம் பார்க்கமாட்டார்கள். ரேடியோ கூடாது, சினிமா கூடாது. கைபேசி மட்டும் கூடும், ஏனென்றால் கூடத்தை நடத்தும் மூத்தவரிடம் ஒன்று இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அவர்களுடைய வேண்டுதல் புத்தகம். அதில் இருநூற்றுப் பன்னிரண்டு வேண்டுதல்கள். காய்ச்சலுக்கு ஒன்று, கடல் பயணத்துக்கு ஒன்று, பாம்பைக் கண்டால் ஒன்று, முடிவெட்டிக்கொள்வதற்கு முன்னால்கூட ஒன்று. உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். இடையில் தன்னுடையதாக ஒரு வார்த்தை சேர்த்தால் அது 'சொந்தச் சொல்'. கொலை, களவை எல்லாம் கூடம் ஒருமாதிரி மன்னித்துவிடும். சொந்தச் சொல்லை மட்டும் மன்னிக்காது.

தம்பி அதைத்தான் செய்தான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நடந்தது. அவன் அப்போது லிஃப்ட் மெக்கானிக்காகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஒரு துணிக்கடையில் பழுதுபார்த்துவிட்டு ஓட்டிப் பார்க்க ஏறியபோது, யாரோ ஒரு பருத்த மனிதரும் கூட ஏறிக்கொண்டார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது. நாலு மணி நேரம். பருத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு செத்துப்போவேன் என்று அழுதிருக்கிறார். தம்பி மனதுக்குள் புத்தகத்தைப் புரட்டினான். கடலுக்கு இருந்தது, மலைக்கு இருந்தது, கிணற்றில் விழுந்தவனுக்குக்கூட இருந்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவனுக்கு இல்லை. எனவே தானாக ஏதோ வேண்டிக்கொண்டான்.

அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கண்டவர் இல்லை, கேட்டவர் அந்தப் பருத்தவர் ஒருவர்தான், அவரும் கூடத்தைச் சேர்ந்தவர் இல்லை. இவனாக வாரக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னான். மூன்று வார்த்தை சொல்லி விட்டுவிடு, முடிந்தது என்றார் மூத்தவர். "அந்த நேரத்துல அதுதான் நெசமா வந்துச்சு. அத எப்படிங்கய்யா விடுறது?" என்று கேட்டுவிட்டு இவன் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டான்.

போனவன் சும்மா போகவில்லை. அக்காவின் வாழ்க்கையையும் ஒரு கையால் இழுத்துக்கொண்டு போனான். இரண்டாவது வரிசையில் உட்காரும் ஒரு தச்சருக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். விட்டுப்போனவன் வீட்டுப் பெண் வேண்டாம் என்று அந்த வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள். தச்சர் வேறொருத்தியைக் கட்டிக்கொண்டு, இரட்டை மோவாய் போட்டு, இப்போது முதல் வரிசைக்கு ஏறிவிட்டார். கூடத்தில் முதல் வரிசைக்கு மேலேதான் மின்விசிறி. அக்காவைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள், செருப்பு வைக்கும் பலகைக்கு ஒட்டினாற்போல. பத்தொன்பது வருடத்தில் கூடத்தாரில் யாருக்குக் கால் எப்படி வேர்க்கும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

சரி, போனவன் கெட்டுப்போவான் என்று காத்திருந்தாள். கூடம் அப்படித்தான் சொல்லியிருந்தது: விட்டுப்போனவன் குடிப்பான், கடைசியில் புழுத்துச் சாவான். அவன் குடிக்கவில்லை. பேக்கரியில் வேலை செய்கிற ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். லிஃப்ட் இல்லாத கட்டிடத்தின் நாலாவது மாடியில் குடியிருந்துகொண்டு, அதை ஊருக்கெல்லாம் நகைச்சுவையாகச் சொல்லிச் சிரித்தான். கூடத்தை விட்டானே தவிரக் கடவுளை விடவில்லை என்று வேறு கேள்விப்பட்டாள். தினமும் மாடிப்படியில் உட்கார்ந்து அவரோடு பேசுகிறானாம், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிற மாதிரி. அவன் கடவுள் இல்லையென்று சொல்லித் திரிந்திருந்தால் அக்கா பொறுத்துக்கொண்டிருப்பாள். இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஏனென்றால் அவளும் ஒருமுறை முயன்று பார்த்திருந்தாள். இது ஒருவருக்கும் தெரியாது. ஒரு நாள் காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தத்தோடு சத்தமாகத் தன் சொந்த வாயால் கடவுளிடம் பேசிப் பார்த்தாள். "வணக்கம்," என்றாள். அதற்குமேல் ஓடவில்லை. "நலம், நலமறிய ஆவல்," என்றாள். வாளி நிரம்பி வழிந்தது. வேறு ஒன்றும் தோன்றாமல் குழாயை மூடிவிட்டுக் குளித்தாள்.

தம்பியை இந்தப் பத்தொன்பது வருடத்தில் ஒரு தடவைதான் அருகில் பார்த்திருக்கிறாள். அவள் கண்ணாடிக்கடையில் வேலை செய்கிறாள். ஐந்து வருடத்துக்கு முன்னால் கிட்டப்பார்வைக்கும் எட்டப்பார்வைக்குமாக ஒரு கண்ணாடி வேண்டும் என்று வந்து நின்றான். கூடத்தை விட்டவனோடு பேசக்கூடாது, அது விதி. அக்கா பேசவில்லை. அளவுகோலை அவன் மூக்கின்மேல் வைத்து இரண்டு கண்மணிக்கும் இடைவெளி எடுத்தாள்.

"நீ பேச வேண்டாங்கா. ரெண்டு பேருக்கும் நானே பேசிக்கறேன்," என்றான் தம்பி. பேசவும் செய்தான். "'எப்படிடா இருக்க?' நல்லா இருக்கேங்கா. 'இளைச்சிட்டியேடா.' இல்லக்கா, உனக்குக் கண்ணு மங்கிடுச்சு, நீ ஒரு கண்ணாடி போடு. 'கொழுப்புடா உனக்கு.'" அக்கா சொல்லியிருக்கக்கூடியதை எல்லாம் அச்சாக அப்படியே சொன்னான். கடை முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். அறுபத்து நாலு மில்லிமீட்டர் என்று அட்டையில் எழுதிக்கொண்டாள் அக்கா. அந்த வாரமே கூடத்தில் தானாக எழுந்து, பேசவில்லை ஆனால் கேட்டேன் என்று ஒப்புக்கொண்டாள். நாற்பது நாள் யாரோடும் பேசக்கூடாது என்று விதித்தார்கள். கடைசி வரிசையில் அவளோடு ஏற்கெனவே யாரும் பேசுவதில்லை என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது சாகக்கிடப்பவனிடம் வரக் கூடத்து விதியே அவளுக்கு இடம் கொடுத்தது. விட்டுப்போனவன் சாகும் தறுவாயில் மூன்று வார்த்தை சொல்லி, அதைக் கூடத்தார் ஒருவர் தன் காதால் கேட்டுவிட்டால் அவன் 'திரும்பியவன்'. அவனைக் கூடத்து நிலத்தில் புதைப்பார்கள். கேட்டவருக்கு முதல் வரிசை. மூத்தவரே கூப்பிட்டு அனுப்பினார். நாலு வருடமாகத் திரும்பியவர் என்று ஒருவரும் இல்லாமல் கூடம் களையிழந்துபோயிருந்தது.

பத்து மணிவாக்கில் தம்பி கண்ணைத் திறந்தான். குரல் தண்ணீரில்லாத குழாய் மாதிரி வந்தது.

"சொன்னா என்னக்கா குடுப்பாங்க?"

"அம்மா பக்கத்துல இடம்."

"அம்மா பக்கத்துலயா?" யோசித்தான். "அம்மா குறட்டை விடுமே."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல்லைக் கடித்து அடக்கினாள். "சாகும்போதுகூட விளையாட்டாடா உனக்கு?"

"உனக்கு என்ன குடுப்பாங்க?"

அவள் அவன் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"மொத வரிசை," என்றான் அவனே. "ஃபேனு."

"அது ஒண்ணும் பெருசில்ல."

"பெருசுதான். தகரக்கூரைல?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "நீ ஒண்ணு பண்ணு. நான் சொன்னேன்னு சொல்லிக்கோ. நான் என்ன, எந்திரிச்சு வந்து இல்லேன்னா சொல்லப்போறேன்?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

"எனக்குச் சொல்ல வராதுக்கா. வந்தா சொல்லிடுவேன், உனக்காக. அதனால நீயே வச்சுக்கோ. கோவிச்சுக்கமாட்டேன். அவகிட்டயும் சொல்லிட்டேன், அக்கா என்ன கேட்டாலும் குடுத்துருன்னு."

பார்த்தீர்களா? அவ்வளவு பெரிய பொருளை, பேக்கரியில் மீந்த பன்னை எடுத்துப்போகச் சொல்வதுபோல நீட்டினான். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறுத்திருந்தால் மன்றாடியிருக்கலாம். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனவன், போகிற வழியில் தாராளமும் தனக்கே என்று எடுத்துக்கொண்டான். இவளுக்கு வாங்கிக்கொள்கிற வேலை மட்டும் மிச்சம்.

அந்த நேரம் பார்த்து அவளுடைய கைபேசி அடித்தது. மூத்தவர். மணிக்கொரு தடவை அடித்துக்கொண்டிருந்தார். அக்கா பின்பக்கத்து பால்கனிக்குப் போனாள்.

"ஆச்சாம்மா?"

"இன்னும் இல்லைங்கய்யா."

"வண்டி தயாரா நிக்குது. விட்டுடாத."

ஐந்து நிமிடம் பேசினார். விட்டுவிடாதே என்பதையே ஆறு விதமாகச் சொன்னார். அக்கா திரும்பி வந்தபோது தம்பியின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. பாய்ந்து போய்க் குனிந்தாள்.

"...மூணாவது மாடி அம்மாவோட முழங்கால்," என்று கேட்டது. "அத நீ பாக்கவே இல்ல, போன வாரமே சொன்னேன். அப்புறம் ஸ்பேனரோட மக பரீட்சை. அவ நல்லாத்தான் எழுதுவா, நீ கூட இரு, போதும். தையக்காரருக்கு சக்கரை. மாடிப்படிப் பூனை குட்டி போட்டிருக்கு, மூணு. இவளுக்குத் தூக்கம் குடு. ரெண்டு மாசமா தூங்கல இவ..."

மூன்று வார்த்தை இல்லை. புத்தகத்திலும் இல்லை. அவன் கடவுளோடு பேசிக்கொண்டிருந்தான். அதட்டக்கூடச் செய்தான். அக்கா நிமிர்ந்திருக்க வேண்டும். நிமிரவில்லை. முழங்கால் வந்துவிட்டது, பரீட்சை வந்துவிட்டது, பூனைகூட வந்துவிட்டது. தன் முறைக்காகக் காத்திருந்தாள். இதோ அடுத்தது என்று காத்திருந்தாள்.

உதடுகள் நின்றன. ஒரு மூச்சு நீளமாக வெளியே போனது. அடுத்தது வரவில்லை.

"டேய்," என்றாள் அக்கா. "டேய், அப்புறம்?"

*

தம்பியின் மனைவி பேக்கரியிலிருந்து ஓடி வந்தாள், கையில் மாவோடு. ஒரு மணி நேரம் முகத்தைக் காட்டிவிட்டு வந்துவிடுகிறேன் என்று போயிருந்தவள். வந்து, அவன் நெற்றியில் கையை வைத்தாள். மாவு ஒட்டிக்கொண்டது. அதைத் துடைக்கப் போய் இன்னும் பூசினாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கூடத்தார் சாவுக்கு அழக்கூடாது. நூற்றைம்பதாவது வேண்டுதலைச் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். அக்கா அதைச் சொல்லி முடித்துவிட்டு, அழுகிறவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுவதற்கும் ஒரு பழக்கம் வேண்டும்போல.

அடுப்படியில் வெந்நீர் வைக்கும்போது பேக்கரிக்காரி கேட்டாள், "அண்ணி, கடைசியா ஏதாவது பேசினாரா?"

"வேண்டிக்கிட்டிருந்தான்."

"பேர் பேராச் சொல்லுவாரே, அதுவா?"

"ம். மூணாவது மாடிலேர்ந்து கேட்டேன்."

"அதுக்கு முன்னாடி?"

"முன்னாடி நான் ஃபோன்ல இருந்தேன்."

பேக்கரிக்காரி அவளைத் திரும்பிப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "அடடா," என்றாள். "ஆரம்பத்துல வர்ற பேரத்தான் அண்ணி நீங்க கேட்டிருக்கணும்." அதற்குமேல் சொல்லவில்லை. அக்காவும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அவள் வாயால் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். என் தம்பி மனதில் இருந்ததை எனக்கு இவள் சொல்வதா? பாத்திரத்தின் அடியில் தண்ணீர் சொய் என்று இரைவதை இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

பதினொன்றரை மணிக்கெல்லாம் ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். நாலு மாடி ஏறி மூச்சிரைத்துக்கொண்டு வந்தார்கள். அக்கா எண்ணத் தொடங்கினாள். மெக்கானிக்குகள், காவலாளிகள், ஒரு மருத்துவமனையின் லிஃப்டை இயக்குகிற அம்மா, மூன்றாவது மாடி முழங்கால்காரி. முப்பத்தாறில் எண்ணுவதை விட்டுவிட்டாள். அவளுடைய அம்மாவின் சாவுக்கு இதைவிட அதிகம் பேர் வந்தார்கள், உண்மைதான். ஆனால் கூடத்துச் சாவில் வருகைப் பதிவு உண்டு. வராதவர் அடுத்த வாரம் எழுந்து நின்று காரணம் சொல்ல வேண்டும். இங்கே வந்தவர்களை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அவர்களாக வந்திருந்தார்கள்.

ஸ்பேனர் என்கிற குட்டையான மெக்கானிக் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு கேவினான். "நாலு மாடிய படியிலயே எறங்கப் போறியேடா. என்னா மெக்கானிக்குடா நீ!" அழுதுகொண்டே எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்கு எரிந்தது. உரிமையோடு 'டா' போடுகிறான். அந்த 'டா' பிறந்த முதல் நாளிலிருந்து அவளுடையது.

கடைசியாக ஒரு பருத்த மனிதர் வந்தார். இரண்டாவது மாடியில் கொஞ்சம், மூன்றாவதில் கொஞ்சம் என்று நின்று நின்று ஏறி வந்திருந்தார். தையல்காரர். அக்காவிடம் வந்து கைகூப்பினார்.

"நீங்கதான் அக்காவா? மூக்கு இல்ல, ஆனா கண்ணு அப்படியே இருக்கு. நான்தாங்க அன்னிக்கு லிஃப்ட்ல இவரோட மாட்டிக்கிட்டவன்."

பத்தொன்பது வருடமாகச் செருப்பு வாசனையில் உட்கார்ந்து அவள் அதைத்தான் யோசித்திருக்கிறாள். என்ன சொல்லியிருப்பான்? கூடத்தையே உதறும் அளவுக்கு, அக்காவின் கல்யாணத்தைக் காவு வாங்கும் அளவுக்கு, அப்படி என்ன பெரிய வேண்டுதல் அது? இடி இடித்ததுபோல இருந்திருக்க வேண்டும்.

"என்ன சொன்னான்?" என்றாள். "அன்னிக்கு. உள்ள."

"ஓ, அதுவா?" தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் கையப் புடிச்சுக்கிட்டாரு. மேல பாத்து, 'நாங்க ரெண்டு பேர் இங்க இருக்கோம், உனக்குத் தெரியும்ல?' அப்படின்னாரு."

"அப்புறம்?"

"அவ்வளவுதாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எனக்கு நெஞ்சுவலி நின்னுபோச்சு. அப்புறம் மூணரை மணி நேரம் சட்டைக்கு எப்படிக் காலர் வைக்கிறதுன்னு சொல்லிக்குடுத்துக்கிட்டு இருந்தேன்."

அக்கா சுவரில் சாய்ந்துகொண்டாள். இதற்கா? இத்தனூண்டு வாக்கியத்துக்கா? இது ஒரு குழந்தைக்குக்கூட வருமே. குளியலறையில் வாளி வழிய வழிய நின்றோமே, இது ஏன் நமக்கு வரவில்லை? ஒரு ஆள்தானே இருந்தோம், 'நான் ஒருத்தி இங்கே இருக்கிறேன்' என்று சொல்லியிருந்தால் போதாதா? அவனுக்கு வந்தது. அவனுக்கு மட்டும் எல்லாம் வந்தது.

*

பன்னிரண்டு மணிக்கு மூத்தவர் வந்தார். கூட இரண்டு பேர், மடித்த சாம்பல் நிறப் போர்வையோடு. கீழே கூடத்து வண்டி. மூத்தவர் மென்மையாகப் பேசக்கூடியவர். குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. உயர்த்தாமலேயே எல்லாம் நடந்துவிடும். அறையில் இருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பேக்கரிக்காரி மட்டும் நகராமல் தம்பியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏதும் பேசமாட்டாள் என்று அக்காவுக்குத் தெரியும். அக்கா என்ன கேட்டாலும் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறானே. ஆனால் அவள் கண் அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"சொன்னானாம்மா?" என்றார் மூத்தவர்.

ஒரு வார்த்தைதான். ஆமாம் என்று சொன்னால் போதும். செத்தவனே தலையாட்டி அனுமதித்த பொய். முதல் வரிசை, மின்விசிறி. தச்சரின் மனைவி நகர்ந்து இடம் கொடுக்க வேண்டியிருக்கும். அந்தக் காட்சியைப் பார்க்கவே ஒரு பொய் சொல்லலாம்.

அக்கா வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு யோசித்தாள்.

திரும்பியவனுக்குக் கூடத்தில் தனி மரியாதை உண்டு. மொத்தக் கூடமும் எழுந்து நிற்கும். ஒன்றரை மணி நேரம் வேண்டுதல். வருடா வருடம் அவன் பெயரை வாசிப்பார்கள். ஒரு நாளும் விட்டுப்போகாத அம்மாவுக்கு என்ன செய்தார்கள்? இருபது நிமிடம். மழை வருகிறது என்று அதிலும் இரண்டு வேண்டுதலை விட்டுவிட்டார்கள். நாளைக்கு அக்கா செத்தால் அவளுக்கும் அதே இருபது நிமிடம்தான். இவன் மட்டும் பத்தொன்பது வருடம் வெளியே சிரித்துக்கொண்டு இருப்பான், மனதுக்குப் பிடித்தவளைக் கட்டுவான், கடவுளை அதட்டுவான், முப்பத்தாறு பேரை அழவைப்பான், கடைசியில் அம்மா பக்கத்திலும் வந்து படுத்துக்கொள்வானா? அதையும் நானே வாங்கிக் கொடுக்க வேண்டுமா? அதுவும் அவன் எனக்குப் போட்ட பிச்சையை வைத்து?

"சொல்லல," என்றாள் அக்கா.

மூத்தவர் கண் சிமிட்டினார். "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. சாகப்போறவங்க குரல் கம்மியிருக்கும். உனக்குச் சரியாக் கேட்டிருக்காது."

"எனக்குக் காது நல்லாக் கேக்கும் ஐயா."

"முணுமுணுத்தான் இல்ல? ஏதோ சொன்னான் இல்ல? அதுல இது இருந்திருக்கலாம் இல்லையா?" என்றார் அவர். குரலில் ஒரு கெஞ்சல் எட்டிப்பார்த்தது. அக்கா அவரை முதன்முறையாக நேராகப் பார்த்தாள். அவருக்கு ஒரு திரும்பியவன் வேண்டும். அது எப்படிக் கிடைத்தாலும் சரி. நாற்பது நாள் வாயைக் கட்டியவர், இப்போது அவள் வாயில் ஒரு பொய்யை வைக்கப் பார்க்கிறார்.

"முணுமுணுத்தான்," என்றாள். "மூணாவது மாடி அம்மாவோட முழங்கால் வலிக்குதாம். பூனை மூணு குட்டி போட்டிருக்காம். அதத்தான் சொன்னான். நீங்க கேக்குறது அதுல இல்ல."

முழங்கால்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஸ்பேனர், "எம்மவ பரீட்சையச் சொன்னானாக்கா?" என்றான்.

"சொன்னான்," என்றாள் அக்கா எரிச்சலோடு. "எல்லாரையும் சொன்னான்."

உண்மையைச் சொன்னதற்காக யாராவது அவளைப் பாராட்டினால் அது வேறு யாருக்கோ போய்ச் சேர வேண்டிய பாராட்டு. நல்ல எண்ணம் என்று சொல்லும்படி அவளுக்குள் அப்போது ஒன்றும் இல்லை. ஆனாலும் வார்த்தை வெளியே வந்து விழுந்துவிட்டது. அதைக் கேட்டதும் பேக்கரிக்காரி தம்பியின் கால்மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

மூத்தவர் போர்வையைத் திரும்ப வாங்கிக் கையில் மடித்துக்கொண்டார். "அப்ப இங்க நமக்கு வேலையில்ல," என்றார். "வாம்மா. திரும்பாதவன் சாவுல கூடத்தார் நிக்கக்கூடாது, உனக்கே தெரியும். வண்டியில இடமிருக்கு."

தெரியும். நின்றால் நாற்பது நாளோடு முடியாது. கடைசி வரிசையும் போய்விடும், செருப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் வாசல்தான். அக்கா கதவைப் பார்த்தாள். பிறகு அறையைப் பார்த்தாள். ஸ்பேனர் தம்பியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். தையல்காரர் அவன் சட்டையின் கலைந்த காலரை நீவிவிட்டுக்கொண்டிருந்தார். மனைவி காலடியில். ஆளுக்கொரு பக்கமாக அவனைப் பங்குபோட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் இப்போது எழுந்து போனால் அவ்வளவுதான், இவளுக்கென்று ஒரு விரல்கூட மிஞ்சாது.

"நீங்க போங்க ஐயா," என்றாள்.

"என்னம்மா?"

"நான் வரல."

மூத்தவர் படியிறங்கும் சத்தம் நாலு மாடிக்கும் கேட்டது. வேகமாக இறங்கவில்லை. கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தாரோ என்னவோ.

*

இரண்டு மணிக்குத் தம்பியைக் கீழே இறக்கினார்கள். படி திரும்பும் இடங்களில் மெக்கானிக்குகள் தங்கள் பாஷையில் ஒருவருக்கொருவர் கத்திக்கொண்டார்கள், பாரம் தூக்குகிறவர்களுக்கே உரிய கவனத்தோடு. ஓரிடத்திலும் சுவரில் இடிக்கவில்லை. வாசலில் நகராட்சியின் இறுதி ஊர்தி நின்றது. உள்ளே நடுவில் அவனை வைத்தார்கள். இரண்டு பக்கமும் நீளமாக இரும்புப் பலகை.

அக்கா முதலில் ஏறி, தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள். வேறு யாரும் முந்திக்கொள்வதற்குள் ஏறிவிட்டதால் சேலை முள்கம்பி மாதிரி எதிலோ மாட்டிக் கிழிந்தது. சட்டை செய்யவில்லை. புத்தகம் பையில் இருந்தது. திறக்கவில்லை. திறந்தாலும் கடைசிப் பயணத்துக்கான வேண்டுதலைத் திரும்பாதவனுக்குச் சொல்ல அனுமதியில்லை.

பேக்கரிக்காரி பின்னால் ஏறினாள். "அண்ணி, கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கறீங்களா?" என்றாள் மெதுவாக. "நான் தலைகிட்ட உக்காந்துக்கறேன்."

நியாயமான கேள்விதான். மனைவி அவள். இரண்டு மாதமாகத் தூங்காமல் பார்த்துக்கொண்டவள். அக்காவுக்கு நன்றாகவே கேட்டது.

நகரவில்லை.

பேக்கரிக்காரி கொஞ்ச நேரம் குனிந்தபடி நின்றாள். பிறகு எதிர்ப்பலகையில், அவன் இடுப்புக்கு நேராக, உட்கார்ந்தாள். மற்றவர்கள் முட்டிக்கு முட்டி இடித்துக்கொண்டு ஏறினார்கள். கதவைச் சாத்தினார்கள்.

வண்டி தெருவைத் தாண்டுவதற்குள் ஒரு வேகத்தடை வந்தது. குலுங்கியதில் தம்பியின் தலை பக்கவாட்டில் நழுவி இரும்புச் சட்டத்தில் இடித்தது. அக்கா குனிந்து, சட்டத்துக்கும் தலைக்கும் நடுவில் தன் உள்ளங்கையைக் கொடுத்தாள்.

"அது வழியெல்லாம் நிறைய இருக்கும்க்கா," என்றான் ஸ்பேனர். "கை நசுங்கிடும். துணி ஏதாவது வச்சுக்கலாம்."

அக்கா கையை எடுக்காமல், ஓட்டுநருக்கு முன்னால் தெரிந்த சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அடுத்த வேகத்தடை வருவதற்கு வெகு முன்பே அவள் கை இறுகத் தொடங்கியிருந்தது.